யாரை ஜப்தி செய்வது?

அரசுப் பேருந்து மோதி ஒருவர் இறந்துபோனால், இழப்பீட்டு மனுவில் எதிர்மனுதாரராக எந்த மனிதரின் பெயரையும் வழக்கறிஞர்களாகிய நாங்கள் எழுதுவதில்லை. ‘மேலாண்மை இயக்குநர், போக்குவரத்துக் கழகம்’ என்று பதவியைத்தான் எழுதுவோம். அந்த நாற்காலிக்கு யார் வந்தாலும் போனாலும் மனுவைத் திருத்த வேண்டியதில்லை என்பது எங்களுக்கு வசதி. ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவரால் எதை முடிவு செய்ய முடியும், எதை முடியாது என்று எந்த வழக்கிலும் யாரும் கேட்பதில்லை. நான் நடத்திய ஒரு வழக்கில் அதைக் கேட்க வேண்டி வந்தது. கழகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்துவிட்டு அந்த வழக்கைச் சொல்கிறேன்.

இறந்தவர் கொத்தனார், வயது 38. 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால் மதகு, அதையொட்டி ஒரு வளைவு. பின்னால் வந்த டவுன் பஸ் அந்த வளைவில் வேகம் குறையாமல் அவர் மீது ஏறிவிட்டது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான தாய் என நான்கு பேரும் மனுதாரர்கள்.

இத்தகைய வழக்குகளில் கழகத்தின் தரப்பு சாட்சி பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் குற்றவியல் வழக்கு ஒரு பக்கம், துறை விசாரணை இன்னொரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். இறந்தவர்தான் திடீரென்று குறுக்கே வந்தார் என்று சொல்லிவிட்டு இறங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்காது. இந்த ஓட்டுநரும் முதல் விசாரணையில் அப்படித்தான் சொன்னார். குறுக்கு விசாரணையில், வண்டியின் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “முந்தின நாளே எழுதிக் குடுத்திருக்கேங்க ஐயா. பார்த்தாச்சுன்னு சொல்லி வண்டிய எடுக்கச் சொன்னாங்க” என்றார்.

பணிமனையின் பழுதுப் பதிவேட்டை வரவழைக்க மனு போட்டேன். பல வாய்தாக்களுக்குப் பிறகு வந்தது. ஓட்டுநரின் கையெழுத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்ற குறிப்பும், அதற்கெதிரே ‘பார்க்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லும் ஒரு சுருக்கொப்பமும் இருந்தன. எந்த உதிரிபாகம் மாற்றப்பட்டது என்று எழுதும் இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்துக்குப் பின்னால் பெரிய கதை உண்டு என்று அப்போதே எனக்குப் பட்டது. பணிமனைத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சோம்பேறிகள் அல்லர். கழற்றிய வண்டியிலிருந்து எடுத்து ஓடும் வண்டிக்குப் போட்டு நாளைக் கடத்துகிறவர்கள் அவர்கள். கையில் பாகம் இருந்தால் மாற்றியிருப்பார்கள்.

2019-இன் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. இறந்தவர் மீது எந்தக் கவனக்குறைவும் இல்லை என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. மாத வருமானம் 9,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றத்தின் 2017-ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, சுயதொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். அது 12,600 ஆயிற்று. நான்கு பேர் சார்ந்திருப்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிந்து 9,450. ஆண்டுக்கு 1,13,400. 38 வயதுக்கு உரிய பெருக்கி 15 என்பதால் 17,01,000. குடும்ப உறவின் இழப்புக்கு நான்கு பேருக்கும் தலா 40,000, இறுதிச் சடங்குக்கும் உடைமை இழப்புக்கும் தலா 15,000. மொத்தம் 18,91,000 ரூபாய், மனு தாக்கலான நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியுடன். பெருக்கி அட்டவணையை நாட்டுக்கே ஒழுங்குபடுத்தித் தந்த 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பும் ஓர் அரசுப் பேருந்து நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் பிறந்ததுதான். அதில் எதிர்த்தரப்பு டெல்லி போக்குவரத்துக் கழகம்.

தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் பேருந்து மோதியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் கட்டும், அல்லது மேல்முறையீடு செய்யும். எதுவானாலும் பணத்துக்கு ஓர் இடம் இருக்கும். அரசுப் பேருந்துகளுக்கு அந்தக் காப்பீடு இல்லை. காப்பீடில்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக்கூடாது என்பதுதான் 146-ஆம் பிரிவின் பொது விதி. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசுப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு அரசு விலக்கு அளிக்கலாம் என்கிறது. அந்த விலக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. விபத்துப் பொறுப்பை ஈடுகட்ட அந்த நிறுவனமே ஒரு நிதியை ஏற்படுத்திப் பராமரிக்க வேண்டும். பல்லாயிரம் வண்டிகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் கட்டுவதைவிட, அந்தப் பணத்தைத் தானே ஒதுக்கிவைத்து இழப்பீடு தருவது சிக்கனம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். நிதியில் பணம் இருந்தால்.

30 நாள் போயிற்று. மேல்முறையீட்டுக்கான 90 நாளும் போயிற்று. கழகம் மேல்முறையீடு செய்யவில்லை, பணமும் கட்டவில்லை. வட்டி மட்டும் ஆண்டுக்கு 1,41,825 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 388 ரூபாய், ஏறிக்கொண்டிருந்தது. தீர்ப்பு வந்தபோதே அது 4 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தாமதம் செய்கிறவர் கையிலிருந்து அந்த 388 ரூபாய் போவதில்லை. டிக்கெட் வாங்குகிறவர் கையிலிருந்தும் வரி கட்டுகிறவர் கையிலிருந்தும்தான் போகிறது.

அடுத்து நிறைவேற்று மனு. ஜப்தி செய்ய வேண்டிய பேருந்தின் பதிவெண்ணை மனுவின் அட்டவணையில் எழுத வேண்டும். எழுதிய எண்ணுள்ள வண்டியைத்தான் நீதிமன்றப் பணியாளரான அமீனாவால் பிடிக்க முடியும். அதனால் வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள் பேருந்து நிலையத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டு வருவது வழக்கம். விவரம் தெரிந்தால் கழகம் அந்த வண்டியை வேறு பணிமனைக்கு அனுப்பிவிடும். தமிழ்நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

மனுவில் கையெழுத்திட இறந்தவரின் மனைவி வந்திருந்தார். பேருந்தை ஜப்தி செய்யப் போகிறோம் என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது.

“ஐயா, எங்க ஊரு பஸ்ஸ மட்டும் புடிச்சிராதீங்க. காலையில அது ஒண்ணுதான் வருது. புள்ளைங்க எல்லாம் அதுலதான் பள்ளிக்கூடம் போவுதுங்க. அது நின்னு போச்சுன்னா ஊருக்குள்ள நான் எப்படிங்க நடமாடுறது?”

தன் கணவரைக் கொன்ற கழகத்தின் பேருந்தில்தான் அவருடைய மகளும் இலவசப் பயண அட்டையில் பள்ளிக்குப் போய்வந்தாள். வேறு பேருந்து அந்த ஊருக்கு இல்லை. தனியார் எவரும் அந்தத் தடத்துக்கு வரமாட்டார்கள், வருமானம் கிடைக்காது. இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் ஏழையும், பேருந்து நின்றுபோனால் தவிக்கும் ஏழையும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் ஒரே நேரத்தில் கழகத்திடமிருந்து கடன் வர வேண்டியவரும் அதன் பயணியுமாக இருந்தார். எந்தச் சட்டப் புத்தகமும் எனக்குக் காட்டாத ஒன்றை அந்த ஒரு கேள்வி காட்டியது.

மாவட்டத் தலைநகரங்களுக்கிடையே அடிக்கடி ஓடும் தடத்திலிருந்து ஒரு வண்டியின் எண்ணை எழுதினேன். ஒன்று நின்றால் அடுத்தது வந்துவிடும். ஜப்தி நாளன்று அமீனா வாரண்டுடன் பேருந்து நிலையத்துக்குப் போனார், நானும் போனேன். வண்டி நிறைய ஆட்கள். கண்ணாடியில் உத்தரவின் நகல் ஒட்டப்பட்டது. நேரக்காப்பாளர் ஓடிவந்தார். நடத்துநர் ஒவ்வொருவராக இறக்கி, அதே டிக்கெட்டில் அடுத்த வண்டிக்கு ஏற்பாடு செய்தார். காய்கறி மூட்டையைக் கூரையிலிருந்து இறக்க வேண்டியிருந்த ஒரு பெரியவர் எங்களைத் திட்டித் தீர்த்தார். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது. கழகத்தின் ஓட்டுநரே வண்டியை நீதிமன்ற வளாகத்துக்கு ஓட்டிவந்து நிறுத்திச் சாவியைக் கொடுத்தார்.

பழைய பேருந்து ஒன்றை ஏலம் விட்டால் இத்தகைய தீர்ப்புத் தொகையில் சிறு பகுதிகூடத் தேறுவது கடினம். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் அதன் வசூல் போகிறது. ஆக, பேருந்து ஜப்தி என்பது பணத்தை வசூலிக்கும் வழியே அல்ல, கூச்சப்படவைத்துக் கட்டவைக்கும் வழி. கூச்சப்பட வேண்டியவர் அந்தப் பேருந்து நிலையத்தில் இருந்தால்தான் அது பலிக்கும். அங்கே இருந்தவர்கள் ஓட்டுநர், நடத்துநர், நேரக்காப்பாளர், பயணிகள். எவரும் அந்தப் பணத்தைக் கட்டும் அதிகாரம் உடையவர் அல்லர்.

வழக்கம்போல் சட்டப் பிரிவிலிருந்து ஓர் அலுவலர் வந்தார். ஒரு பகுதித் தொகையைக் கட்டிவிடுவதாகவும் வண்டியை விடுவித்து மீதிக்கு அவகாசம் தர வேண்டும் என்றும் கேட்டார். எவ்வளவு அவகாசம் என்றதற்கு அவரிடம் பதில் இல்லை. மரியாதையான மனிதர். “நாங்க கேட்டு எழுதியிருக்கோம் சார். மேல இருந்து வரணும்” என்றார்.

மேலே என்பது எங்கே? அதைத் தெரிந்துகொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஆணை 21, விதி 41. பணத் தீர்ப்பு 30 நாளாகியும் நிறைவேறாவிட்டால், கடன்பட்டவரின் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம். கடன்பட்டது ஒரு நிறுவனமாக இருந்தால் அதன் எந்த அதிகாரியையும் அழைக்கலாம், வாய்மொழியாகவும் விசாரிக்கலாம். உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. எங்கள் பகுதியில் கழகத்துக்கு எதிராக யாரும் இதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. வண்டி கண்ணெதிரே ஓடுகிறது, சொத்தைத் தேடுவானேன் என்ற எண்ணம்தான் காரணம். நான் மனுப் போட்டேன். 146(3)-இன் கீழ் உள்ள நிதியின் இருப்பு என்ன, அதில் ஆண்டுதோறும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று இயக்குநர் குழு முடிவு செய்திருக்கிறது, யார் கையெழுத்தில் பணம் வெளியே போகும் என்ற விவரங்களைக் கேட்டேன். கழகத்தின் தரப்பில் இது நிர்வாகக் கொள்கை, தீர்ப்பாயம் நுழைய முடியாது என்று கடுமையாக எதிர்த்தார்கள். கொள்கையை நான் கேட்கவில்லை, கணக்கைக் கேட்கிறேன் என்று வாதிட்டேன். நீதிபதி மனுவை அனுமதித்தார்.

நிதிப் பிரிவின் மூத்த அலுவலர் ஒருவர் பிரமாணப் பத்திரத்துடன் வந்தார். விபத்து நிதி என்ற தலைப்பு கணக்கில் இருந்தது. இந்த ஒரு தீர்ப்புக்குப் போதுமான பணம் அதில் இல்லை. அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தேன். இன்றுவரை நினைவில் நிற்கும் விசாரணை அது.

“பயணக் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்?”

“அரசு.”

“மாணவர்களுக்கான இலவசப் பயணத்துக்கு உரிய தொகையை யார் தருகிறார்கள்?”

“அரசு.”

“எப்போது?”

“ஒதுக்கீடு வரும்போது.”

“புதிய வண்டி எத்தனை வாங்குவது என்பதை?”

“அரசு அனுமதிக்கணும்.”

“மேலாண்மை இயக்குநரை நியமிப்பதும் மாற்றுவதும்?”

“அரசுதான்.”

“இயக்குநர் குழுவில் முழுநேரமும் இந்தக் கழகத்தின் வேலையை மட்டும் பார்ப்பவர் எத்தனை பேர்?”

கொஞ்சம் யோசித்து, “எம்.டி. ஒருத்தர்தான்” என்றார்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அன்றைய வசூல் அன்றைய டீசலுக்கும் சம்பளத்துக்கும் கடன் தவணைக்கும் போய்விடுகிறது என்றார். இழப்பீட்டுக்கு என்று தனியாக எடுத்துவைக்கும்படி இயக்குநர் குழு எந்தத் தீர்மானமும் நிறைவேற்றியதாக அவருக்குத் தெரியவில்லை. மனு தாக்கலானபோது பதில் மனுவில் கையெழுத்திட்ட மேலாண்மை இயக்குநர் இந்த விசாரணையின்போது அங்கே இல்லை. அவருக்கு அடுத்து வந்தவரும் மாறிப்போயிருந்தார்.

இந்த அமைப்பு இப்படி ஆனதற்கு வரலாறு உண்டு. 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின் கீழ் மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் ஒரே பெரிய சட்டபூர்வக் கழகத்தை அமைத்துக்கொண்டன. அந்தச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, கழகத்தைக் கலந்தாலோசித்த பிறகுதான் அரசு பொது அறிவுறுத்தல்களைத் தரலாம். தமிழ்நாடு வேறு வழியில் போனது. தனியார் பேருந்துகளை நாட்டுடைமையாக்கியபோது, 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கம்பெனிச் சட்டத்தின் கீழ் தனித்தனி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. அவை பிரிந்து பிரிந்து 20-க்கும் மேல் ஆயின. 1997-இல் தென் மாவட்டங்களில் நடந்த சாதி மோதல்களுக்குப் பிறகு, கழகங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பின்னர் இணைக்கப்பட்டு இப்போது எட்டு இருக்கின்றன. எட்டுக்கும் போக்குவரத்துத் துறைச் செயலாளரே தலைவர்.

சிறிய நிறுவனங்கள், அந்தந்த வட்டாரத்தை அறிந்த நிர்வாகம், வேகமான முடிவு என்ற நோக்கம் உயர்ந்தது. முதல் இருபது ஆண்டுகளில் நம் ஊர்ப் பேருந்துகள் நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டதற்கு அந்த அமைப்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். மின்சாரம் வராத ஊருக்கும் பேருந்து போயிருக்கிறது. ஆனால் கம்பெனி என்ற உருவத்துக்கு உள்ளே இருக்க வேண்டிய முடிவெடுக்கும் உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கோட்டைக்குப் போய்விட்டது. 2011 நவம்பரில் உயர்த்தப்பட்ட கட்டணம் அடுத்து 2018 ஜனவரியில்தான் திருத்தப்பட்டது. இடையில் டீசல் விலை எங்கேயோ போயிற்று. 2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குவோருக்கு டீசல் விலை தனியாக உயர்த்தப்பட்டபோது, அரசுப் பேருந்துகள் சில்லறை பங்க்குகளில் போய் டீசல் போட்டதைப் பலரும் பார்த்திருப்பார்கள். கட்டணத்தைக் குறைவாக வைப்பது நல்ல கொள்கை. நான் அதை ஆதரிக்கிறேன். 2021-இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணத்தால் வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்கள் என் கட்சிக்காரர்களிலேயே இருக்கிறார்கள். அந்தக் கொள்கையின் விலையை அரசு முழுதாகவும் காலத்திலும் தர வேண்டும் என்பதுதான் என் வாதம். தராத இடத்தில் அந்த விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள். பிரேக் பாகம் கிடைக்காத பணிமனை கட்டுகிறது. ஓய்வுகாலப் பணம் கைக்கு வராமல் காத்திருக்கும் தொழிலாளி கட்டுகிறார். 2018 ஜனவரியில் வேலைநிறுத்தத்தால் ஒரு வாரம் மாநிலம் முழுவதும் பேருந்துகள் நின்றதற்கு அந்த நிலுவைகளும் காரணம். அந்த மதகில் என் கட்சிக்காரரின் கணவர் கட்டினார்.

அந்த ஓட்டுநருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். துறை விசாரணையில் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. பழுதை எழுதிக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான். தண்டனை பெற்றவரும் அவர் ஒருவர்தான்.

நிறைவேற்று மனுவில் பிறந்த உத்தரவு சுருக்கமானது. கணிசமான ஒரு பகுதியை உடனே கட்டினால் வண்டியை விடுவிக்கலாம், மீதியை வட்டியுடன் இரண்டு தவணைகளில் கட்ட வேண்டும், தவறினால் பிரமாணப் பத்திரத்தில் கண்ட வங்கிக் கணக்கை முடக்கலாம். கடைசி வரிதான் வேலை செய்தது. பேருந்தைப் பிடித்தால் பயணிக்கு வலிக்கும். கணக்கை முடக்கினால் முடிவெடுப்பவர்களுக்குச் செய்தி போகும். இரண்டு தவணைகளும் உரிய தேதிக்குள் வந்தன. இயக்குநர் குழு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும் என்ற உத்தரவையும் நான் கேட்டிருந்தேன். அது தன் அதிகார வரம்புக்குள் இல்லை என்று தீர்ப்பாயம் மறுத்தது. சட்டப்படி அது சரி.

பிள்ளைகளின் பங்கு அவர்கள் மேஜராகும் வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போடப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாய் அதன் வட்டியை எடுத்துக்கொள்ளலாம். இறந்தவரின் தாய் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய பங்குக்கு வாரிசுகளைச் சேர்க்க இன்னொரு மனு போட வேண்டியிருந்தது. 30 நாளில் பணம் வந்திருந்தால் மகனின் உயிருக்கு ஈடாகச் சட்டம் கொடுத்ததை அந்த மூதாட்டி தன் கையால் வாங்கியிருப்பார்.

நீதிமன்றத்தால் செய்ய முடியாததை அரசு செய்யலாம். விபத்து நிதியின் இருப்பையும், கட்டாமல் நிற்கும் தீர்ப்புத் தொகைகளையும் ஒவ்வொரு கழகமும் ஆண்டறிக்கையில் தனித் தலைப்பில் அச்சிட வேண்டும். இயக்குநர் குழுவில் பயணிகளின் சார்பிலும் தொழிலாளரின் சார்பிலும் குரல் கொடுக்க ஆட்கள் வேண்டும். மேலாண்மை இயக்குநருக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும். தான் வாங்கிய வண்டி ஓடிப் பழுதாவதைப் பார்க்கும் வரையாவது அவர் அந்தப் பதவியில் இருக்க வேண்டும். சலுகைப் பயணத்துக்கான தொகை, வருகிறபோது வருகிற ஒதுக்கீடாக இல்லாமல், மாதம் பிறந்தால் வரும் கடமையாக வேண்டும்.

இழப்பீட்டு வழக்கு நடத்தும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிறைவேற்று மனுவின் அட்டவணையில் பேருந்து எண்ணை எழுதுவதற்கு முன்னால் ஆணை 21, விதி 41-இன் கீழ் மனுப் போடுங்கள். விபத்து நிதியின் கணக்கைக் கேளுங்கள், அதிகாரியைக் கூண்டில் ஏற்றுங்கள், வங்கிக் கணக்கின் எண்ணை வாங்குங்கள். அதற்குப் பிறகும் வண்டியைத்தான் பிடிக்க வேண்டி வந்தால், ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் பேருந்து வரும் ஊரின் வண்டியை விட்டுவிடுங்கள்.